வலது கால்

எதுவும் நடக்கவில்லை என்பதை
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்:
பணிமனை மேலாளர், காவலர்,
சைக்கிளோடு தண்டவாளத்தில் சறுக்கி விழுந்து
எழுந்து, கையசைத்து,
ஈரக் கால்சட்டையோடு போய்விட்ட அந்தப் பையன்.

ரீகா நகரில் பதினோராம் எண் டிராம்.
நவம்பர் மாலை, நாலரைக்கே இருட்டு.
மிதித்தேன்.
சக்கரத்தடியில் மணல் கொட்டியது, மணி அலறியது,
பின்னால் யாருடைய பையிலிருந்தோ
பீட்ரூட்கள் உருண்டு உருண்டு
என் அறைக் கதவில் வந்து மோதின.
அவன் தலைக்கும் எனக்கும் இரண்டு சாண்.

வண்டி நின்றுவிட்டது.
கால் நிற்கவில்லை.

அன்றிலிருந்து மிதித்துக்கொண்டே இருக்கிறது.
சாப்பாட்டு மேசைக்கடியில்,
பல் மருத்துவரின் நாற்காலியில்,
தூக்கத்தில் வில்னிஸின் கெண்டைக்காலை.
அவன் விளக்கைப் போட்டு
நீலம் பூத்த இடத்தைத் தடவிவிட்டு
மறுபடி அணைப்பான். திட்டியதில்லை.
அது இன்னும் மோசம்.

பகலில் அது மேலேறி வரும்:
பாதம், முழங்கால், தொடை, அடிவயிறு,
பிறகு நெஞ்சுக்குழியில் இறுக மூடிய ஒரு கை.
பாலுக்கு வரிசையில் நிற்கையில்
காரணமே இல்லாமல் கடை முழுதும் சறுக்கும்.
பயப்படாதே என்று மூளை சொல்லும்.
மூளைக்கென்ன, மேல்மாடியில் குடியிருக்கிறது;
தண்ணீர் புகுந்தது கீழ்த்தளத்தில்.

ஔஸ்மாவின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே.
கதை கேட்பாள் என்று எழுதியே எடுத்துப் போனேன்,
மூன்று பக்கம், தேதியோடு.
அவள் அதை வாங்கவே இல்லை.
"இப்போது கால் என்ன செய்ய விரும்புகிறது?"

அபத்தம். நாற்பத்தொன்பது வயதில்
காலுறையைக் கழற்றி
(இடதில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது)
சுவரோடு சாய்த்த தலையணையில்
பாதத்தை வைத்தேன்.
"தள்ளுங்கள். மெதுவாக. இன்னும் மெதுவாக.
அவசரம் அன்றைக்கே முடிந்துபோயிற்று."

தள்ளினேன்.
அரைச் சென்டிமீட்டருக்கு ஒரு மூச்சு.
சுவர் நகரவில்லை; அதற்காகத்தான் சுவர்.
ஏதோ ஒரு புள்ளியில், தொடைக்குள்
பழைய குளிர்சாதனப் பெட்டி ஓய்வதற்கு முன்
ஒரு உலுக்கு உலுக்குமே, அப்படி
நடுக்கம் கிளம்பியது.
நிறுத்தப் பார்த்தேன். நிறுத்துவதுதானே என் தொழில்.
"நடுங்கட்டும். வழிவிடுங்கள்."
பல் கிட்டியது. தோள் குலுங்கியது.
அழுகை என்று நினைத்தேன், கொட்டாவியாக வந்தது,
ஒன்றல்ல, ஏழு.

பிறகு ஒரு ஒலி கற்றுக்கொடுத்தாள்:
மூச்சு தீரும்வரை அடிவயிற்றிலிருந்து ஊஊஊ.
வெட்கத்தோடு ஊதினேன்.
காலி டிராம் பாலத்தில் ஏறும் அதே சுருதி.
இருவரும் சிரித்துவிட்டோம்.
கீழே மருந்துக்கடையில் யாரோ
வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குணமாகிவிட்டதா என்கிறாள் மகள் தொலைபேசியில்.
என்ன சொல்ல.
பிப்ரவரியில், பனி உறைந்த வளைவில்
நெஞ்சுக்குழிக் கை இன்னும் மூடுகிறது.
முன்பெல்லாம் அதோடு மல்லுக்கட்டுவேன்.
இப்போது நிறுத்தத்தில், கதவு திறந்திருக்கும்
பதினைந்து நொடியில்
இருக்கை என் முதுகைத் தாங்குவதைக் கவனிக்கிறேன்;
குதிகாலுக்குக் கீழே தரை, தரைக்கடியில் சக்கரம்,
சக்கரத்துக்கடியில் இரும்பு, சரளை,
அதற்கும் அடியில்
ஒருவர் பதற்றத்தையும் காதில் வாங்காத மண்.
அவ்வளவு தூரம் இறங்கிச் சேர்வதற்குள்
யாராவது கண்ணாடியைத் தட்டி
ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பார்கள்.

கிளம்புகிறேன்.

வியாழன் இரவுகளில் மட்டும் வில்னிஸ்
கெண்டைக்காலில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு
படுக்கிறான்.
ஏன் வியாழன் என்று
காலைத்தான் கேட்க வேண்டும்.